எரிகிறது, சரி, என்ன சொல்கிறது? வீட்டு விமானப் பேனல்களின் வெளிச்சம் பற்றி ஒரு விமர்சனம்

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் ஒரு படம் போட்டிருந்தேன். இருட்டு அறை, நடுவில் செம்மஞ்சளாக ஒளிரும் போயிங் 737 ஓவர்ஹெட் பேனல். விமானி உட்கார்ந்தால் தலைக்கு மேலே, கொஞ்சம் முன்னால் சாய்ந்தபடி சுவிட்சும் விளக்குமாக ஒரு பெரிய பலகை இருக்குமே, அதுதான். எரிபொருள், மின்சாரம், ஹைட்ராலிக், கேபின் காற்றழுத்தம் என்று விமானத்தின் குடும்ப விவகாரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. வீட்டு சிமுலேட்டருக்காக நானே அக்ரிலிக் வெட்டி, பெயின்ட் அடித்து, எழுத்து செதுக்கி, பின்னால் எல்.இ.டி. வைத்துச் செய்தது. எட்டு மாத வேலை. "அச்சு அசலா இருக்கு" என்று நிறையப் பேர் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

இந்தப் பதிவு அந்தப் பேனலைப் பற்றிய விமர்சனம். என்னுடையது மட்டும் இல்லை, வீட்டில் செய்கிற, காசு கொடுத்து வாங்குகிற பெரும்பாலான பேனல்களுக்கும் இது பொருந்தும். என்னுடையதை முன்னால் வைப்பதற்குக் காரணம், அதன் வயிற்றைத் திறந்து பார்த்தவன் நான். தவிர, அடுத்தவர் பேனலைக் குறை சொன்னால் சண்டை வரும்.

விஷயம் ஒரு கேள்வியில் ஆரம்பித்தது. என் அக்கா பையன் 737-க்கான டைப் ரேட்டிங் பயிற்சியில் இருக்கிறான். சுவிட்சுகளை எந்த வரிசையில் பார்க்கணும், தொடணும் என்று கைக்குப் பழக்குவதற்காக விடுமுறையில் என் அறையில் வந்து உட்காருவான். ஒரு நாள் எரிபொருள் பகுதியில் கிராஸ்ஃபீடு செலக்டரைத் திருப்பினான். நீல விளக்கு எரிந்தது. அவன் கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மாமா, இது டிம் ஆகாதா?"

"ஏன் ஆகணும்? திறந்துச்சு, எரியுது."

"இல்லை மாமா, திறந்துச்சான்னு இதுல எப்படித் தெரியும்?"

கிராஸ்ஃபீடு என்பது இடது வலது எரிபொருள் குழாய்களை இணைக்கிற ஒரு வால்வு. 737-ல் அதற்கு ஒரே ஒரு நீல விளக்குதான். ஆனால் அந்த ஒரு விளக்கு மூன்று சேதி சொல்லும். அணைந்திருந்தால் வால்வு மூடியிருக்கிறது. பளிச்சென்று எரிந்தால் வால்வு நகர்ந்துகொண்டிருக்கிறது, அல்லது செலக்டர் ஒன்று சொல்ல வால்வு வேறொரு நிலையில் நிற்கிறது. மங்கலாக எரிந்தால் திறந்துவிட்டது. ஆக, செலக்டரைத் திருப்பியதும் விமானி எதிர்பார்ப்பது ஒரு சின்ன நாடகம்: பளிச், பிறகு மங்கல். பளிச்சென்றே நின்றுவிட்டால் வால்வு மாட்டிக்கொண்டது. அதே பேனலில் இன்ஜின் எரிபொருள் வால்வு விளக்குகளும் இப்படித்தான். இவற்றில் வெளிச்சத்தின் அளவே ஒரு சொல்.

என் பேனலில் அந்தச் சொல் கிடையாது. சிமுலேட்டர் மூன்று நிலையையும் ஒழுங்காகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. நான் எழுதிய நிரல் "பூஜ்யமா, இல்லையா" என்று மட்டும் பார்த்துவிட்டு, இல்லை என்றால் விளக்கை முழுசாக ஏற்றிவிடும். வால்வு திறந்தாலும் ஒரே நீலம், பாதியில் மாட்டிக்கொண்டாலும் அதே நீலம். ஒரு பையன் தன் தொழிலுக்காக என் பலகையில் கையைப் பழக்குகிறான். நான் அவனுக்குத் தப்பான பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ரொம்ப அவமானமாகப் போய்விட்டது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடணும். பேனலில் இரண்டு விதமான வெளிச்சம் இருக்கிறது. ஒன்று, சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளைப் பின்னாலிருந்து காட்டுகிற வெளிச்சம். அது எப்போதும் ஒரே மாதிரி இருக்கும், எந்தச் செய்தியும் சொல்லாது, "இது இன்ன சுவிட்ச்" என்று காட்டுவதோடு சரி. இன்னொன்று, நீலம், பச்சை, ஆம்பர் என்று வந்து போகும் அறிவிப்பு விளக்கு. செய்தி இதில்தான். முதலாவது தாம்பாளம், இரண்டாவது பண்டம். வீட்டுப் பேனல் செய்கிறவர்களின் உழைப்பு, பேச்சு, பெருமை எல்லாம் தாம்பாளத்தின் மேல்தான். என் எட்டு மாதத்தில் ஏழு மாதம் அதற்குத்தான் போனது. அறிவிப்பு விளக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சால்டர் செய்து முடித்தேன்.

இது அற்ப விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விபத்தை நினைவுபடுத்தலாம். 2005 ஆகஸ்ட் 14, ஹீலியோஸ் ஏர்வேஸ் 522, சைப்ரஸின் லார்னகாவிலிருந்து கிளம்பிய 737-300. காற்றழுத்தக் கட்டுப்பாட்டு செலக்டர் ஆட்டோவில் இருக்க வேண்டியது, மேனுவலில் இருந்தது. புறப்படும் முன்பும் பின்பும் நடந்த சரிபார்ப்புகளில் அது சிக்கவில்லை. கேபினில் காற்றழுத்தம் ஏறவில்லை, விமானம் ஏறிக்கொண்டே போனது, விமானிகள் நினைவிழந்தார்கள். கடைசியில் எரிபொருள் தீர்ந்து கிரீஸில் ஒரு மலைச்சரிவில் விழுந்தது. 121 பேரும் இறந்தார்கள். செலக்டர் மேனுவலில் இருக்கிறது என்று சொல்லும் ஒரு பச்சை விளக்கு அந்த ஓவர்ஹெட் பேனலில் உண்டு. விளக்குதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சரிபார்ப்பு தவறியது, எச்சரிக்கை ஒலியைத் தப்பாகப் புரிந்துகொண்டது என்று காரணங்கள் பல. ஆனால் பச்சை என்றால் "எல்லாம் நலம்" என்று பழகிய கண்ணுக்கு, அந்தப் பச்சை ஒரு கேள்வியாகப் படவே படாது. 737 ஓவர்ஹெட் பேனலை வழிபடுகிறவர்கள் இதையும் யோசிக்கணும். அது 1960-களில் போட்ட கோலம். பழைய மாடல் ஓட்டியவர் அதிகப் பயிற்சி இல்லாமல் புதியதையும் ஓட்டணும் என்பதற்காக அதன் அடிப்படை அமைப்பைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அசல் என்பதாலேயே அது நல்ல வடிவமைப்பு ஆகிவிடாது.

சரி, என் கதைக்கு வருவோம். நிரலைத் திருத்த பத்து நிமிஷம். பளிச்சுக்கு முழு அளவு, மங்கலுக்கு ஒரு பங்கு. செலக்டரைத் திருப்பினேன். பளிச் வந்தது. பிறகு விளக்கு அணைந்துவிட்டது.

அணையவில்லை. மங்கலாக எரிந்துகொண்டுதான் இருந்தது. சுற்றிலும் என் செம்மஞ்சள் எழுத்துகள் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்ததில் கண்ணுக்குத் தெரியவில்லை. கையை வைத்து எழுத்துகளை மறைத்துப் பார்த்தால் நீலம் தெரிந்தது.

சரி, எழுத்து வெளிச்சத்தைக் குறைப்போம் என்று குமிழைத் திருப்பினேன். அடுத்த சிக்கல் அங்கே காத்திருந்தது. முழுசிலிருந்து பாதி வரைக்கும் குமிழைத் திருப்பினால் பெரிய வித்தியாசமே இல்லை. கடைசிக் கால் சுற்றில்தான் எல்லாம் நடக்கிறது, அதுவும் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி தடக் தடக்கென்று. காரணம் இதுதான். எல்.இ.டி.யை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றிக் குறைக்கிறோம். பாதி நேரம் எரிந்தால் பாதி ஒளி. ஆனால் கண் அப்படிக் கணக்குப் போடாது. பாதி ஒளி கண்ணுக்கு முக்கால் வெளிச்சம் போலத் தெரியும். கண்ணுக்குப் பாதி என்று தோன்றணும் என்றால் ஒளியை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கணும்.

அசல் 737-ல் இந்தத் தொல்லை ஏன் இல்லை? அங்கே பேனலுக்குள் இருந்தது அரிசி அளவு குண்டு பல்புகள், 5 வோல்ட். குண்டு பல்புக்கு ஒரு குணம் உண்டு: வோல்டேஜைப் பாதியாகக் குறைத்தால் வெளிச்சம் பாதியாகாது, கிட்டத்தட்ட பத்தில் ஒன்றாகிவிடும். அதனால் சாதாரணக் குமிழே கண்ணின் கணக்குக்கு ஓரளவு பொருந்திப்போனது. யாரும் உட்கார்ந்து சூத்திரம் போடவில்லை, இழையே போட்டுக்கொடுத்தது. எல்.இ.டி.க்கு மாறும்போது நாம் அந்தச் சூத்திரத்தை நிரலில் எழுதித் தரணும். சாதாரண ஆர்டுயினோவின் 256 படிகள் இதற்குப் போதாது, கீழ்ப் படிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். நான் பிறகு 4096 படி தருகிற பி.சி.ஏ. 9685 என்ற சில்லுக்கு மாறினேன். விலை அதிகமில்லை. முதலிலேயே யோசிக்காததுதான் நஷ்டம்.

அந்த இழை இன்னொரு வேலையும் செய்தது. வோல்டேஜ் குறையக் குறைய அதன் நிறம் மாறும். ஒரு காலத்தில் கோடை மாலைகளில் லோ வோல்டேஜில் குண்டு பல்பு எப்படி அழுதுவடியும் என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மஞ்சள் வெள்ளையாக இருந்தது செம்மஞ்சளாகி, கடைசியில் சிவந்த இழை மட்டும் தெரியும். 737-ன் எழுத்துகளும் அப்படித்தான்: முழு வெளிச்சத்தில் வெதுவெதுப்பான வெள்ளை, குறைக்கக் குறைக்க ஆரஞ்சு. எல்.இ.டி. எந்த அளவிலும் ஒரே நிறம். வீட்டுப் பேனல்காரர்கள் இணையத்தில் பார்க்கிற ராத்திரி காக்பிட் படங்களில் எழுத்து ஆரஞ்சாகத் தெரிகிறது. அதிலும் பாதி கேமராவின் வேலை. பகல் வெளிச்சத்துக்குச் சரிசெய்த கேமரா குண்டு பல்பை உண்மையைவிட ஆரஞ்சாகக் காட்டும், நீண்ட எக்ஸ்போஷர் அதை உண்மையைவிடப் பிரகாசமாகவும் காட்டும். அதைப் பார்த்து ஆரஞ்சு எல்.இ.டி. வாங்கி முழு அளவில் எரியவிடுகிறோம். அதாவது, மங்கலான விளக்கின் நிறம், பிரகாசமான விளக்கின் அளவு. அப்படி ஒரு காக்பிட் எங்கேயும் இல்லை. படத்தைப் பார்த்துச் செய்த பேனல், படம் எடுக்கத்தான் லாயக்கு.

நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏனென்றால் இதன் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் விமான அளவிகளின் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் பெயின்ட் பூசினார்கள். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிப் பூசிய அமெரிக்கப் பெண் தொழிலாளர்கள் தாடை அழுகிச் செத்தது தனிக் கொடுமை. அடுத்த போரில் புற ஊதா விளக்கு வைத்து ஒளிர வைத்தார்கள், சிவப்பு விளக்கும் வந்தது. சிவப்புக்குக் காரணம் கண். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டால் அது கெட்டுவிடும். இருட்டில் வேலை செய்கிற குச்சி செல்கள் ஆழ்ந்த சிவப்பைக் கிட்டத்தட்ட கண்டுகொள்வதே இல்லை, அதனால் சிவப்பில் பேனலைப் படித்துவிட்டு வெளியே இருட்டையும் பார்க்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் வரைபடத்தில் சிவப்புக் கோடு காணாமல் போனது, நிறத்தை வைத்துச் சொல்லும் குறிகள் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன, வயசான விமானிகளுக்குச் சிவப்பில் பக்கத்து எழுத்து மங்கியது. அதனால் பயணிகள் விமானங்களில் குறைந்த அளவு வெள்ளை நிலைத்தது. ராணுவத்தில் இரவுக் கண்ணாடி வந்தபோது நிலைமை தலைகீழ் ஆனது. அந்தக் கண்ணாடி சிவப்பையும் அகச்சிவப்பையும்தான் பெருக்கிக் காட்டும், அதனால் அங்கே நீலப்பச்சை. இதெல்லாம் அழகுக்காகத் தேர்ந்தெடுத்த நிறங்கள் இல்லைங்க. பயணிகள் விமானத்தின் பேனலுக்குப் பச்சை வெளிச்சம் போட்டு "மிலிட்டரி லுக்" என்று விற்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

வெளிச்சத்தைக் குறைத்ததும் மூன்றாவது குறை வெளியே வந்தது. சில வார்த்தைகளில் பாதி காணோம். எல்.இ.டி.க்கு நேர் மேலே இருக்கிற எழுத்து தெரிகிறது, இரண்டு எல்.இ.டி.க்கு நடுவில் மாட்டிய எழுத்து இருட்டு. இது முன்பும் இருந்ததுதான், பிரகாசம் மூடி மறைத்திருந்தது. பின்னாலிருந்து ஒளி காட்டும்போது, விளக்குக்கும் விளக்குக்கும் இருக்கிற இடைவெளி அளவுக்காவது விளக்குக்கும் பலகைக்கும் ஆழம் இருந்தால்தான் ஒளி பரவி ஒன்றாகும். நான் இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று எல்.இ.டி.யை ஒட்டி வைத்திருந்தேன். அசல் பேனலில் பல்பே அக்ரிலிக் தட்டுக்குள் புதைந்திருக்கும். ஒளி தட்டுக்குள்ளேயே பக்கவாட்டில் மோதி மோதி ஓடி, எழுத்து திறந்த இடத்தில் வெளியே வரும். ஓரங்களை பெயின்ட்டால் மூடியிருப்பார்கள், இல்லாவிட்டால் ஓரமெல்லாம் ஒழுகும். என் பேனலின் ஓரத்தில் ஒழுகியது. முன்பு அதையும் "அழகா ஒரு க்ளோ வருது" என்று படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: நான் ஏன் முதலில் அத்தனை வெளிச்சம் வைத்தேன்? யோசித்துப் பார்த்தால் பதில் சங்கடமானது. பகலில் என் பேனலைப் படிக்கவே முடியாது. ஜன்னலைத் திறந்து வைத்து, விளக்கை அணைத்துப் பார்த்தால், சாம்பல் பலகையில் கறுப்புச் சாம்பலாக எழுத்து. படிக்க முடியவில்லை என்று பகலிலும் பின் வெளிச்சத்தை ஏற்றினேன், அது போதவில்லை என்று இன்னும் ஏற்றினேன். எல்லாக் குறைக்கும் வேர் அங்கே இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை அசல் பேனலின் உண்மையான சாமர்த்தியம் அதன் ராத்திரி வெளிச்சம் இல்லை, எழுத்துக்கு அடியில் இருக்கும் வெள்ளைப் பூச்சு. தட்டின் மேல் முதலில் வெள்ளை அடிப்பார்கள், அதன் மேல் சாம்பல். மேலே இருக்கும் சாம்பலை மட்டும் எழுத்து வடிவத்தில் எடுத்துவிட்டால் வெள்ளை தெரியும. பகலில் அந்த வெள்ளை வெளியே இருந்து வருகிற ஒளியைத் திருப்பி அனுப்பும், எழுத்து வெள்ளையாகத் தெரியும். இரவில் அதே வெள்ளை பின்னாலிருந்து வருகிற ஒளியைப் பரப்பி விடும். ஒரே பூச்சு இரண்டு வேலை, அதுவும் ஒன்றுக்கொன்று எதிரான வேலை. தடிமனாக அடித்தால் பகல் நன்றாக இருக்கும், இரவு செத்துவிடும். மெல்லியதாக அடித்தால் நேர்மாறு. இந்த மாதிரிப் பேனல்களுக்கு அமெரிக்க ராணுவம் மில்-பி-7788 என்று ஒரு தரக்குறிப்பே போட்டிருந்தது. பேனலைப் பகலிலும் படிக்கணும் என்பது அந்தத் தொழிலில் பாலபாடம்.

நானும் மற்ற பலரும் என்ன செய்கிறோம்? தெளிந்த அக்ரிலிக்கில் நேரே சாம்பல் பெயின்ட் அடிக்கிறோம் (போயிங் சாம்பலுக்குப் பலர் ஆர்.ஏ.எல். 7011 எண்ணைத்தான் வாங்குகிறார்கள், நானும்), லேசரால் எழுத்தைச் சுரண்டுகிறோம். எழுத்து வழியாகப் பின்னால் இருக்கும் இருட்டுப் பெட்டி தெரிகிறது. இன்னும் எளிய வழி, படத்தாளில் பிரின்ட் எடுத்து ஒட்டுவது. அதில் கறுப்பிலே ஆயிரம் ஊசி ஓட்டை, பின்னால் விளக்கு போட்டால் நட்சத்திரக் கூட்டம். இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கொஞ்சம் அடங்கும். விலைக்கு வாங்கிய ஒரு பேனலும் என்னிடம் இருக்கிறது. நல்ல விலை, கச்சிதமான வெட்டு, பெட்டிக்குள் பஞ்சு வைத்து அனுப்பினார்கள். பகலில் அதுவும் இதே கறுப்புச் சாம்பல்தான். செய்தவர் பெயர் வேண்டாம். அவர்கள் விளம்பரப் படம் ஒன்றுகூடப் பகலில் எடுத்தது இல்லை என்பதை வாங்கிய பிறகுதான் கவனித்தேன்.

புதிதாகச் செய்தபோது ஒரு தெளிந்த தட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு பூச்சு, இரண்டு பூச்சு, மூன்று, நான்கு என்று வெள்ளை அடித்து, எல்லாவற்றின் மேலும் சாம்பல் அடித்து, லேசர் வைத்திருக்கிற போர்டு கடைக்கு எடுத்துப் போனேன். கடைத் தம்பி முதல் ஓட்டத்தில் "அண்ணே, வெள்ளையும் சேர்ந்து போயிருது" என்றான். சாம்பல் போகணும், வெள்ளை நிற்கணும். சக்தியைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி, பதினோராவது துண்டில் வந்தது. என் பெயின்ட்டுக்கு இரண்டு மெல்லிய பூச்சு சரியாக இருந்தது. உங்கள் பெயின்ட்டுக்கு வேறாக இருக்கும், துண்டு போட்டுப் பார்க்காமல் முழுப் பலகையில் இறங்காதீர்கள். பால் நிற அக்ரிலிக்கையே வாங்கி இந்த வேலையை மிச்சப்படுத்துகிறவர்களும் உண்டு. மோசமில்லை, ஆனால் தட்டு முழுக்கப் பாலாக இருந்தால் ஒளி பக்கவாட்டில் வெகுதூரம் ஓடாது, எல்.இ.டி. அதிகம் வேண்டும்.

எழுத்து வடிவத்தையும் விட்டுவிடக்கூடாது. பழைய பேனல்களில் எழுத்தைச் சுழலும் வெட்டுமுனையால் செதுக்கினார்கள். அச்சை ஒரு கை தடவ, இன்னொரு கை சிறிதாக்கிச் செதுக்கும் பாண்டோகிராஃப் இயந்திரம். முனை வட்டமாக இருப்பதால் கோடு முழுக்க ஒரே தடிமன், நுனி எல்லாம் உருண்டை. கம்ப்யூட்டரில் கிடைக்கிற ஏதோ ஒரு எழுத்துருவைப் போட்டு லேசரில் வெட்டினால் நுனி சதுரமாக, கோடு தடித்தும் மெலிந்தும் வரும். என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் கண் உறுத்தும். இதைவிட முக்கியமானது தடிமன். இருட்டில் ஒளிரும் எழுத்து உள்ளதைவிடத் தடித்துத் தெரியும், வெளிச்சம் ஓரத்தில் கசியும். ஆகவே ஒளிரும் எழுத்தின் கோடு மெல்லியதாக இருக்கணும். 4 மி.மீ. உயர எழுத்துக்கு அரை மி.மீ. போதும். நான் வைத்திருந்தது 0.8. பகலில் பார்க்க எடுப்பாக இருந்தது, இரவில் எட்டும் மூன்றும் ஒன்றாகத் தெரிந்தன. இது விளையாட்டில்லை. 1947-ல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் விமானிகளிடம் கேட்டுக் கேட்டு, அளவிகளைத் தப்பாகப் படித்த சம்பவங்களையும் சுவிட்சை மாற்றித் தட்டிய சம்பவங்களையும் நூற்றுக்கணக்கில் சேகரித்தார்கள். "விமானியின் தவறு" என்று எழுதி மூடிவைத்த பலவும் பேனலின் தவறு என்பதுதான் அதிலிருந்து வெளிவந்தது.

இதற்கெல்லாம் ஒரு எதிர்வாதம் உண்டு, நியாயமானதும்கூட. "சார், இது பொழுதுபோக்கு. ராத்திரி ஆபீஸ் முடிந்து வந்து, லைட்டை அணைத்து, ஒரு மணி நேரம் மேகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறேன். ஜொலிக்கட்டுமே." ஜொலிக்கட்டும். எனக்கும் அந்த ஒரு மணி நேரம் தெரியும். புதிய விமானங்களில் எல்.இ.டி.யே வந்துவிட்டதே, குண்டு பல்பு நிறத்துக்கு ஏன் அழணும் என்றாலும் சரிதான், நிறம் மாறாத பேனல் வைத்திருப்பவரை நான் குறை சொல்லமாட்டேன். நான் சண்டை போடுவது "அச்சு அசல்" என்ற வார்த்தையோடு. திருகாணியின் தலை எத்தனை மி.மீ. என்று மாதக்கணக்கில் வாதாடுகிற நாம், மங்கலும் பளிச்சும் வேறு வேறு என்பதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. திருகாணியைப் படத்தில் அளந்துவிடலாம். வால்வு திறக்கிற அந்த ஓரிரு நொடி படத்தில் வராது.

புதிய பலகையில் இதுவரை மூன்றில் ஒரு பங்குதான் முடிந்திருக்கிறது. எரிபொருள், மின்சாரம், காற்றழுத்தம். எழுத்துக்கு இரண்டு வரிசை எல்.இ.டி.: ஒன்று வெதுவெதுப்பான வெள்ளை, ஒன்று ஆம்பர். குமிழைக் குறைக்கும்போது வெள்ளை முதலில் இறங்கும், ஆம்பர் பின்தங்கும், பல்பு சிவப்பது போலவே தெரியும். பகலில் விளக்கே இல்லாமல் படிக்கிறேன். நீல விளக்கின் மங்கல் அளவை மட்டும் நான் முடிவு செய்யவில்லை. பயிற்சி சிமுலேட்டரில் உட்கார்ந்து வந்த கண்ணோடு அக்கா பையன் போன மாதம் வந்திருந்தான். அறையை இருட்டாக்கி, கால் மணி நேரம் சும்மா உட்காரச் சொன்னேன். பிறகு அவன் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் மாமா" என்று சொல்லச் சொல்ல இறக்கினோம். நான் வைத்திருந்ததில் பாதிக்கும் கீழே போய் நின்றது. அந்த எண்ணை அப்படியே நிரலில் எழுதிவிட்டேன்.

காற்றழுத்தப் பகுதியில் பச்சை விளக்கை என்ன செய்வது என்று அவனிடமே கேட்டேன். ஆம்பராக மாற்றிவிடலாமா என்று எனக்கு ஒரு ஆசை. "வேண்டாம் மாமா, அங்கே பச்சையாத்தான் இருக்கும்" என்றான். பச்சையாகவே விட்டிருக்கிறேன்.